எண்ணிக்கையும் எடையும்: மாநிலங்களவையின் பிறப்பில் விடுபட்ட கேள்வி

பல மாநிலங்கள் சேர்ந்த ஒரு நாட்டுக்கு நாடாளுமன்றம் அமைப்பவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அவையில் உட்காரப்போவது யாருடைய பிரதிநிதிகள்? மக்களின் பிரதிநிதிகள் என்றால் தலைகளை எண்ணி இடம் ஒதுக்க வேண்டும். மாநிலங்களின் பிரதிநிதிகள் என்றால் பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் ஒரே அளவு இடம் தர வேண்டும். இரண்டும் நியாயமான கொள்கைகள்தாம். ஆனால் ஒரே அவையில் இரண்டுக்கும் இடமில்லை. கூட்டாட்சி நாடுகளில் இரண்டு அவைகள் வந்ததற்கு முக்கியக் காரணம் இதுவே.

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் பார்வை மக்களவையின் மீதே நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும், உத்தரப் பிரதேசத்துக்கு எத்தனை கூடும் என்று கணக்குப் போடுகிறோம். மாநிலங்களின் பெயரைத் தாங்கிய இன்னொரு அவை இருக்கிறதே, அது இந்த நேரத்தில் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த அவை கட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் மாநிலங்களுக்கு ஓர் அவையைத் தந்தார்கள். அந்த அவையில் மாநிலம் என்ற முறையில் அவற்றுக்கு உரிய எடையைத் தரவில்லை. அன்று விடுபட்ட வேலையை முடிக்காமல் மக்களவையின் இடங்களை மாற்றுவது ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிலடெல்பியாவில் நடந்தது

மாநிலப் பிரதிநிதித்துவம் பற்றிய எந்த விவாதமும் 1787ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தைத் தொடாமல் போவதில்லை. பிரிட்டனிடமிருந்து விடுபட்ட அமெரிக்க மாநிலங்கள் அதுவரை தளர்வான ஒரு கூட்டமைப்பாக இருந்தன. அதன் பேரவையில் பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் ஒரே வாக்கு. மே மாத இறுதியில் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில் வர்ஜீனியாவின் எட்மண்ட் ரான்டால்ஃப் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் பின்னிருந்த மூளை ஜேம்ஸ் மேடிசனுடையது. இரண்டு அவைகள் இருக்கும், இரண்டிலும் மக்கள்தொகைக்கோ செலுத்தும் வரிக்கோ ஏற்ப இடம் என்பது அதன் சாரம். ஜூன் 15 அன்று நியூ ஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் எதிர்த்திட்டம் வைத்தார்: ஒரே அவை, மாநிலத்துக்கு ஒரே வாக்கு என்ற பழைய முறையே தொடரட்டும்.

சிறிய மாநிலங்கள் வெறுங்கையோடு வரவில்லை. சம வாக்குரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கட்டளையோடுதான் டெலவேர் தன் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தது. தங்களை நசுக்கப் பார்த்தால் வேறு நாட்டின் துணையைத் தேட நேரும் என்று அதன் பிரதிநிதி கன்னிங் பெட்ஃபோர்டு வெளிப்படையாகவே எச்சரித்தார். ஜூலை 2 அன்று மேலவையில் சம இடம் பற்றி நடந்த வாக்கெடுப்பு ஐந்துக்கு ஐந்து என்று முடிந்தது. ஒரு மாநிலம் தனக்குள்ளேயே பிளவுபட்டு நின்றது. கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் முன்பே சொல்லியிருந்த வழிதான் கடைசியில் கைகொடுத்தது. கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம், மேலவையில் மாநிலங்களுக்குச் சம இடம். ஜூலை 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழையில் அது நிறைவேறியது. எந்த மாநிலத்தின் சம வாக்கையும் அதன் ஒப்புதலின்றிப் பறிக்க முடியாது என்ற உறுதியும் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டது.

இந்த விவாதத்தின் நடுவே, ஜூன் 30 அன்று, மேடிசன் சொன்ன ஒன்றை இந்தியாவில் இதைப் பற்றிப் பேசுவோர் அதிகம் கவனிப்பதில்லை. மாநிலங்களை உண்மையில் பிரிப்பது பெரியது, சிறியது என்ற வேறுபாடு அல்ல. அடிமைமுறையைச் சார்ந்த தெற்குக்கும் அதைச் சாராத வடக்குக்கும் இடையிலான வேறுபாடே என்றார். வரலாறு அவர் சொன்னபடியே நடந்தது. சிறிய மாநிலங்களைப் பெரிய மாநிலங்கள் விழுங்கிவிடவில்லை. அடிமைமுறைப் பிளவுதான் எழுபத்து நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போராக வெடித்தது. அளவு பற்றிய சண்டைக்குத் தீர்வு கண்டவர்கள், அடிப்படையான பிளவுக்குத் தீர்வு காணவில்லை. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டால் அதை இன்னும் இறுக்கினார்கள்.

பிரதிநிதித்துவ முறையை வடிவமைக்கும்போது, எந்தப் பிளவைக் கருதி வடிவமைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பிலடெல்பியாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

சமஸ்தானங்களின் நிழல்

இந்தியாவில் இரண்டாம் அவையின் கதை வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தில்லியில் ஒரு மேலவை அமைந்தது. மிகக் குறைந்த, வசதி படைத்த வாக்காளர்களைக் கொண்டு, தேர்தலால் வந்த கீழவைக்குக் கடிவாளம் போடுவதற்கென அமைந்த அவை அது. மாநிலங்களின் குரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி ஒன்றை வரைந்தது. அதன் மேலவையில் 260 இடங்கள். அவற்றில் 104 சமஸ்தானங்களுக்கு. கீழவையின் 375 இடங்களில் 125 சமஸ்தானங்களுக்கு. நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே வாழ்ந்த பகுதிகளுக்கு மேலவையில் 40 சதவீத இடம். அந்த இடங்களை நிரப்பும் உரிமை மக்களிடம் இல்லை, மன்னர்களிடம் இருந்தது. போதிய மன்னர்கள் சேராததாலும் 1939இல் போர் மூண்டதாலும் அந்தக் கூட்டாட்சி நடைமுறைக்கே வரவில்லை. ஆனால் அது ஒரு கசப்பை விட்டுச்சென்றது. மக்கள்தொகையை மீறி ஒரு பகுதிக்கு இடம் தருவது மக்களாட்சியை முடக்கும் தந்திரம் என்ற எண்ணம் தேசிய இயக்கத்தில் ஆழமாக வேரூன்றியது.

அரசியல் நிர்ணய சபையில் மேலவை பற்றிப் பேசியவர்கள் இந்த அனுபவத்தோடுதான் பேசினார்கள். 1948ஆம் ஆண்டு வரைவில், மேலவையில் முன்னாள் சமஸ்தானப் பகுதிகளின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. பழைய சட்டம் மன்னர்களுக்குக் கொடுத்த அதே அளவு, இப்போது அவர்களுடைய பகுதிகளுக்கு உச்சவரம்பாக மாறியிருந்தது.

1947 ஜூலை

நேருவின் தலைமையிலான ஒன்றிய அரசமைப்புக் குழு 1947 ஜூலைத் தொடக்கத்தில் தன் அறிக்கையைத் தந்தது. மேலவையில் இடம் ஒதுக்க அது ஒரு சூத்திரத்தைச் சொன்னது. மக்கள்தொகையில் முதல் ஐம்பது லட்சம் வரை, பத்து லட்சத்துக்கு ஒரு உறுப்பினர். அதற்கு மேல், இருபது லட்சத்துக்கு ஒரு உறுப்பினர். எவ்வளவு பெரிய மாகாணமானாலும் இருபது இடங்களுக்கு மேல் இல்லை.

இது அமெரிக்கச் சமத்துவமும் அல்ல, வெறும் தலைக்கணக்கும் அல்ல. மக்கள்தொகை ஏற ஏற, கூடுதல் இடம் கிடைக்கும் வேகம் குறையும். கடைசியில் உச்சவரம்பு வந்து நிறுத்தும். ஐரோப்பிய நாடாளுமன்றம் இன்று இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. எந்த நாட்டுக்கும் ஆறு இடத்துக்குக் குறையாது, தொண்ணூற்றாறுக்கு மேல் போகாது. அந்த வகையில் 1947ஆம் ஆண்டுக் குழு காலத்தை முந்தியே சிந்தித்திருந்தது.

சம இடம் கேட்ட குரல்கள் அரசியல் நிர்ணய சபையில் எழாமல் இல்லை. அவை எடுபடாமல் போனதற்குக் காரணங்கள் தெளிவானவை. முதலாவது, மாநிலங்களின் எண்ணிக்கையே அப்போது முடிவாகவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களில் எவை தனித்து நிற்கும், எவை இணையும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, அளவு வேறுபாடு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குடகின் மக்கள்தொகை சுமார் 2.3 லட்சம், உத்தரப் பிரதேசத்தினுடையது 6.3 கோடி. இரண்டுக்கும் ஒரே இடம் என்பதை ஏற்க யாருக்கும் மனம் வராது. முதல் பட்டியலில் குடகும் அஜ்மீரும் சேர்ந்தே ஓர் இடத்தைப் பகிர்ந்துகொண்டன.

மூன்றாவது காரணம் இவற்றைவிட ஆழமானது. டெலவேரைப் போல, இது இல்லையென்றால் எழுந்து போய்விடுவோம் என்று சொல்லும் நிலையில் எந்த மாகாணமும் இல்லை. பலவீனமான மைய அரசைக் கோரிய முஸ்லிம் லீக், குழுவின் அறிக்கை தயாரானபோது சபைக்கு வெளியே இருந்தது. ஜூன் 3 அறிவிப்போடு பிரிவினையும் உறுதியாகிவிட்டது. ஜூலை 5 அன்று தரப்பட்ட ஒன்றிய அதிகாரக் குழுவின் இரண்டாம் அறிக்கை, வலுவான மைய அரசே இனி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. இந்தியக் கூட்டாட்சி மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தால் பிறந்ததல்ல என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று விளக்கினார். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் பேரமும் இல்லை. பேரம் இல்லாத இடத்தில் சம இடத்தை வற்புறுத்திப் பெறுவதற்கு ஆளும் இல்லை.

மேலவையை ஆதரித்துப் பேசிய கோபாலசாமி ஐயங்கார் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர், காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்தவர். 1947 ஜூலை 28 அன்று அவர் சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். கண்ணியமான விவாதம் நடக்கும். ஒரு கணத்தின் உணர்ச்சிவேகத்தில் பிறக்கும் சட்டங்களைச் சற்றே தாமதப்படுத்தலாம். அனுபவசாலிகளுக்கு இடம் கிடைக்கும். மூன்றும் மதிப்புக்குரிய நோக்கங்கள். ஆனால் மாநிலத்தின் நலனை மைய அரசுக்கு எதிராகக் காப்பது என்ற நோக்கம் அங்கே முன்னுக்கு வரவில்லை. சிந்தித்துத் திருத்தும் அவையாக மாநிலங்களவையைப் பார்த்தார்கள். மாநிலங்களின் அரணாகப் பார்க்கவில்லை.

அறிக்கையிலிருந்த அந்த இருபது இட வரம்பும் இறுதிச் சட்டத்தில் நிலைக்கவில்லை. நான்காவது அட்டவணையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, சென்னை மாநிலத்துக்கு 27 இடங்கள் எழுதப்பட்டன.

மக்களவையின் பிரதிபலிப்பு

இந்தத் தேர்வின் விளைவை இன்றைய எண்களில் பார்க்கலாம். மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 233 பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 18, அதாவது 7.7 சதவீதம். மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39, அதாவது 7.2 சதவீதம். கேரளத்துக்கு மக்களவையில் 3.7 சதவீதம், மாநிலங்களவையில் 3.9 சதவீதம். உத்தரப் பிரதேசத்துக்கு 14.7, 13.3. ஐந்து தென் மாநிலங்களையும் சேர்த்தால் மக்களவையில் 23.8 சதவீதம், மாநிலங்களவையில் 24.5 சதவீதம். வடகிழக்கின் எட்டு மாநிலங்களுக்கு மட்டும் 4.6 சதவீதம் 6 சதவீதமாக ஓரளவு உயர்கிறது. மற்றபடி இரண்டாம் அவை முதல் அவையின் பிரதிபலிப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் அமெரிக்காவைப் போலச் சம இடம் கேட்கலாமா? தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் தந்த அறிக்கையில் அதைத்தான் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அமைத்த பூஞ்சி ஆணையமும் 2010இல் அதையே சொன்னது. கூட்டாட்சிக் கொள்கை என்ற அளவில் அந்தப் பரிந்துரைகள் மதிக்கத்தக்கவை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு மாநிலங்களுக்குச் சம இடம் என்றால் தமிழ்நாட்டின் பங்கு 7.7 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாகக் குறையும். ஐந்து தென் மாநிலங்களின் பங்கு 24.5 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கும்.

மேடிசன் சொன்னது இங்கே பொருந்துகிறது. இந்தியாவில் இன்றைய பிளவு பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் இடையில் இல்லை. தமிழ்நாடும் கர்நாடகமும் பெரிய மாநிலங்களே. பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கும், அதில் பின்தங்கிய மாநிலங்களுக்கும் இடையில் அது இருக்கிறது. மொழியும் பொருளாதாரமும் அதன் மீது படிந்திருக்கின்றன. சம இடம் என்பது வேறொரு நாட்டின் வேறொரு பிளவுக்குக் கண்ட தீர்வு.

யாரும் பேசாத உறைநிலை

மக்களவை இடங்கள் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது பலருக்கும் தெரியும். 1976இல் 42ஆவது திருத்தம் அதைச் செய்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. அதற்கு முன் என்ன நடந்தது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1962இல் 41ஆக இருந்த அதன் மக்களவை இடங்கள் 1967இல் 39ஆகக் குறைந்தன.

மாநிலங்களவைக்கோ அப்படி ஒரு நிறுத்த விதியே தேவைப்படவில்லை. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மக்களவை இடங்களைச் சீரமைக்க 82ஆவது உறுப்பு இருக்கிறது. மாநிலங்களவைக்கு அதுபோன்ற உறுப்பு இல்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது 1951ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு பிரித்த இடங்களே, மாநிலப் பிரிப்புகளால் வந்த சிறு மாற்றங்களைத் தவிர, இன்றும் நிற்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் 34 இடங்களில் மூன்று உத்தராகண்டுக்குப் போய் 31 ஆனது அத்தகைய மாற்றம். இதனால் 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 40 லட்சம் பேருக்கு ஒரு மாநிலங்களவை உறுப்பினர், உத்தரப் பிரதேசத்தில் 64 லட்சம் பேருக்கு ஒருவர்.

இந்த நிலையைக் காப்பது அரசியல் சட்டத்தின் மௌனம் மட்டுமே. மக்களவை மாறும்போது மாநிலங்களவையையும் புதுப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தால், பழைய சூத்திரம் உதவாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கு அதை உச்சவரம்பின்றிப் பொருத்தினால் உத்தரப் பிரதேசத்துக்கு 102 இடமும் தமிழ்நாட்டுக்கு 38 இடமும் வருகின்றன. நூற்றுக்கு முப்பத்தேழு. இரு மாநிலங்களின் மக்கள்தொகை விகிதம் நூற்றுக்கு முப்பத்தாறு. முதல் ஐம்பது லட்சத்துக்கு மட்டும் சலுகை தரும் சூத்திரம், பெரும்பாலான மாநிலங்கள் பெருத்துவிட்ட நாட்டில் வெறும் தலைக்கணக்காகவே முடிகிறது. சூத்திரத்துக்கு உயிர் கொடுத்தது அந்த உச்சவரம்புதான், அதுவே கைவிடப்பட்டது.

அதிகாரமும் ஆளும்

இடங்களின் எண்ணிக்கை பாதி விஷயம். அந்த இடத்தில் இருப்பவருக்கு என்ன அதிகாரம், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது மறுபாதி.

மாநிலப் பட்டியலிலுள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றம் சட்டமியற்ற வழிவிடும் 249ஆவது உறுப்பும், அகில இந்தியப் பணிகளை உருவாக்க வழிவிடும் 312ஆவது உறுப்பும் மாநிலங்களவைக்கு மட்டுமே உரிய அதிகாரங்கள். அரசியல் சட்டத் திருத்தங்களில் இரு அவைகளும் சமம். ஆனால் பண மசோதாவை அது பதினான்கு நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சாதாரண மசோதாவில் முரண்பட்டால் கூட்டுக் கூட்டத்தில் எண்ணிக்கையே முடிவு செய்யும். 2002இல் மாநிலங்களவை நிராகரித்த பயங்கரவாதத் தடுப்பு மசோதா அப்படித்தான் சட்டமானது.

ஒரு மாநிலத்தையே பிரிக்கும் மசோதாவிலும் மாநிலங்களவையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்கேற்ப நான்காவது அட்டவணையை மாற்றுவதும் அரசியல் சட்டத் திருத்தமாகக் கருதப்படுவதில்லை. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை.

உறுப்பினர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2003இல் நீக்கப்பட்டது. குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006இல் அதை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் முறையோடு இதை ஒப்பிட வேண்டும். அங்கே மேலவையில் உட்காருபவர்கள் மாநில அமைச்சர்கள். ஒரு மாநிலத்தின் வாக்குகள் பிரியாமல் ஒன்றாகவே விழ வேண்டும். சுமார் 1.8 கோடி மக்களுள்ள வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியாவுக்கு ஆறு வாக்கு, சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் பிரேமனுக்கு மூன்று. அங்கே மாநிலம் பேசுகிறது. இங்கே மாநிலத்தின் பெயரில் கட்சி பேசுகிறது.

இப்போது செய்ய வேண்டியது

புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள் உள்ளன. மாநிலங்களவைக்கு அரசியல் சட்டம் வைத்த வரம்போ 250. இன்று ஒரு கூட்டுக் கூட்டத்தில் 788 பேரில் 245 பேர், அதாவது 31 சதவீதம், மாநிலங்களவையினர். மக்களவை 888ஆக விரிந்து மாநிலங்களவை அப்படியே நின்றால் அது 22 சதவீதத்துக்கும் கீழே போகும். யாருடைய இடத்தையும் குறைக்காமலேயே மாநிலங்களின் அவை மெலிந்துவிடும்.

ஆகவே மக்களவை இடங்களைத் தொடும் எந்தத் திருத்தமும் நான்கு ஏற்பாடுகளோடு சேர்ந்தே வர வேண்டும். ஒன்று, கூட்டுக் கூட்டத்தில் மாநிலங்களவையின் இன்றைய பங்கு குறையாதபடி உறுதி செய்தல். இரண்டு, இன்றைய இடப் பங்கீட்டை அடித்தளமாகக் கொண்டு, 1947ஆம் ஆண்டுக் குழு சொன்ன உச்சவரம்பை மீட்டெடுத்தல்; சிறிய மாநிலங்களுக்கு ஓர் இடம் என்பதற்கு மேலான குறைந்தபட்ச அளவைத் தருதல். மூன்று, உறுப்பினர் அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்ற விதியைத் திரும்பக் கொண்டுவருதல். நான்கு, மாநில எல்லையையும் தகுதியையும் மாற்றும் மசோதாக்களுக்கு மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைக் கட்டாயமாக்குதல்.

இவை நடக்கக்கூடியவையா என்ற கேள்விக்கு அரசியல் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை மாற்றும் திருத்தத்துக்குக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும் என்று 368ஆவது உறுப்பு சொல்கிறது. 1947இல் எந்த மாகாணத்துக்கும் இல்லாத பேரம் பேசும் வலிமை இன்று மாநிலங்களிடம் இருக்கிறது. தென் மாநிலங்கள் தங்கள் மக்களவை இடங்களைக் காப்பதோடு நின்றுவிடாமல், வடகிழக்கையும் பிற சிறிய மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு மாநிலங்களவையின் வடிவத்தையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணிக்கை மக்களவையில் பேசட்டும். மாநிலம் என்ற முறையில் பேசுவதற்கு இரண்டாம் அவையை இப்போதாவது கட்டி முடிப்போம்.